குழலடி முத்திரையும் உரிமத்தின் வரியும்: காரைக்காலில் பழைய அரைத் தானியங்கி வேட்டைத் துப்பாக்கியை இனங்காணுதலும் மதிப்பிடுதலும்

1. கேள்வி

டெல்டாவின் பழைய குடும்பங்களில் பாகப் பிரிவினை நடக்கும்போது நிலத்துக்கும் வீட்டுக்கும் நகைக்கும் விலை சொல்ல ஆள் உண்டு. வேட்டைத் துப்பாக்கிக்கு விலை சொல்வதில்தான் தகராறு வரும். ‘பிரெஞ்சுக்காரன் காலத்துச் சாமான், ஐந்து தோட்டா போடும், ஆட்டோமேட்டிக், லட்சக்கணக்கில் போகும்’ என்பார் ஒருவர். ‘அதை விற்கவே முடியாது, காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக இரு’ என்பார் இன்னொருவர். இரண்டு பேச்சிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இருவருமே துப்பாக்கியைப் பிரித்துப் பார்த்தவர்கள் அல்லர்.

இரட்டைக்குழல் துப்பாக்கியானால் சிக்கல் இவ்வளவு இல்லை. ஒவ்வொரு முறை விசையை இழுக்கும்போதும் ஒரு தோட்டா வெடித்து, வெற்றுக்கூடு தானே வெளியேறி, அடுத்த தோட்டா தானே அறைக்குள் ஏறும் அரைத் தானியங்கி வகைதான் சிக்கலானது. அதன் அடையாளம் தொழில்நுட்பத்தில் ஓரிடத்திலும், வந்த வழி முத்திரைகளில் ஓரிடத்திலும், விலை சட்டத்தில் வேறோரிடத்திலும் எழுதப்பட்டிருக்கிறது. இம்மூன்றையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் மதிப்பீடு தவறுகிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

2. வழக்கிலுள்ள மூன்று அளவுகோல்கள்

முதலாவது, வயதை விலையாகக் கொள்ளும் வழக்கம். பழையது என்பதாலேயே அரியது என்று கருதுவது. ஆலையில் பல லட்சம் எண்ணிக்கையில் உருவான பொருளுக்கு இது பொருந்தாது.

இரண்டாவது, மேலைநாட்டுச் சேகரிப்பாளர்களின் விலைக் கையேடு. அமெரிக்காவில் அச்சாகும் இத்தகைய நூல்கள் துப்பாக்கியில் ஆலை மெருகு எத்தனை விழுக்காடு எஞ்சியிருக்கிறது என்று பார்த்து விலை சொல்கின்றன. முறை நேர்த்தியானது. ஆனால் அந்த விலை, யாரும் எளிதாக வாங்கவும் விற்கவும் கூடிய சந்தையை முன்வைத்தது. டாலரை ரூபாயாக மாற்றிக் காரைக்காலில் சொல்வது, திறந்த சந்தையின் விலையைப் பூட்டிய அறைக்குள் கொண்டுவந்து வைப்பதாகும்.

மூன்றாவது, உரிமப் புத்தகத்தை மட்டும் பார்ப்பது. கடைக்காரர்களின் முறை இது. நடைமுறைக்கு மிக நெருக்கமானது என்பதில் ஐயமில்லை. புத்தகத்தில் எழுதியிருப்பது தவறாக இருந்தால் மட்டும் இம்முறை அடியோடு சரிந்துவிடும். அதனால் முதலில் உலோகத்தைப் பார்ப்போம்.

3. உறுப்புகள் சொல்வது

அரைத் தானியங்கி வேட்டைத் துப்பாக்கி என்றால் முதலில் நினைவுக்கு வர வேண்டியவர் ஜான் மோசஸ் பிரவுனிங். 1898 வாக்கில் அவர் வடிவமைத்து 1900இல் காப்புரிமை பெற்ற துப்பாக்கியே பின்னால் ‘ஆட்டோ-5’ என்று பெயர் பெற்றது. அறையில் ஒன்று, குழலுக்குக் கீழேயுள்ள தோட்டாக் குழாயில் நான்கு என ஐந்து. வடிவமைப்புக்கு ஒரே தொகையாக விலை வாங்கிக்கொண்டு ஒதுங்காமல் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் உரிமத்தொகை கேட்டதால் வின்செஸ்டர் நிறுவனம் மறுத்தது. ரெமிங்டனிடம் போனார். 1902 ஜனவரியில் அவர் சந்திப்புக்காகக் காத்திருந்தபோதே அந்நிறுவனத் தலைவர் மார்செல்லஸ் ஹார்ட்லி இறந்துபோனார். பிறகே பெல்ஜியத்தின் லியேழ் நகருக்கு அருகிலுள்ள எர்ஸ்தாலுக்குக் கப்பலேறினார். அங்கிருந்த ஃபாப்ரிக் நாசியோனால் ஆலை, சுருக்கமாக எஃப்.என்., தயாரிப்பைத் தொடங்கியது. அமெரிக்கர் ஒருவரின் துப்பாக்கி பெல்ஜிய முத்திரையோடு உலகெங்கும் போனதற்கு இதுவே காரணம். தயாரிப்பு 1970களின் நடுவில் ஜப்பானின் மிரோக்கு ஆலைக்கு மாறி 1998 வரை நீடித்தது.

இதன் இயக்கமுறை நீள் பின்னுதைப்பு. சுட்டவுடன் குழலும் அடைப்பானும் பூட்டிய நிலையிலேயே ஒன்றாகப் பின்னோக்கி நகரும். பிறகு குழல் தனியே முன்னே திரும்பும். கூடு வெளியே விழும். அடைப்பான் அடுத்த தோட்டாவைத் தள்ளிக்கொண்டு மூடும். வெறும் துப்பாக்கியின் குழல் நுனியைத் தரையில் அழுத்தினால் குழல் உள்வாங்குமென்றால் அது இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. பின்புறம் சதுரமாக எழும்பி நிற்கும் உடலும் வெளி அடையாளம்தான். ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது; அதே காப்புரிமையில் ரெமிங்டன் 1905 முதல் தயாரித்த ‘மாடல் 11’க்கும் அதே கூன் உண்டு. இரண்டையும் பிரிக்க எளிய வழி, உடலின் இடப்பக்கம் தோட்டாக் குழாயை அடைத்து வைக்கும் சிறு நெம்புகோல் இருக்கிறதா என்று பார்ப்பது. எஃப்.என். துப்பாக்கியில் அது உண்டு, மாடல் 11இல் இல்லை.

காப்புரிமையைச் சுற்றிக்கொண்டு போக முயன்ற வின்செஸ்டரின் 1911ஆம் ஆண்டு மாதிரி தனிக் கதை. அடைப்பானை இழுக்கும் கைப்பிடி பிரவுனிங்கின் உரிமை என்பதால் அதை விட்டுவிட்டு, குழலையே பிடித்துக் கீழே தள்ளும்படி செய்தார்கள். தோட்டா சிக்கிய துப்பாக்கியின் வாய்க்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டு குழலைத் தள்ளியவர்களின் கதி என்னவாயிற்று என்பதை, அதற்கு ஒட்டிக்கொண்ட ‘விதவையாக்கி’ என்ற பட்டப்பெயரே சொல்லும். இப்படியொன்று கையில் கிடைத்தால் விலை பேசுவதற்கு முன் வாயை வேறு பக்கம் திருப்பிப் பிடிப்பதுதான் முதல் வேலை.

நீள் பின்னுதைப்பு முறையையே பின்பற்றி, உடலை இலேசான அலுமினியக் கலவையில் செய்தது இத்தாலியின் ஃப்ராங்கி 48. வெடிவாயுவின் ஒரு பகுதியைத் திருப்பி இயங்கும் வகை ரெமிங்டன் 1100 மூலம் 1963இலிருந்து பெரிதும் பரவியது. அதில் குழல் நகராது. பிரான்ஸில் சேன்த் எத்தியேன் நகரின் மானுஃப்ரான்ஸ் நிறுவனம் ‘பெர்ஃபெக்ஸ்’ என்ற அரைத் தானியங்கியை விற்றது. முன்கைப்பிடியைக் கையால் முன்னும் பின்னும் இழுத்தால்தான் தோட்டா மாறும் என்றால் அது அரைத் தானியங்கியே அல்ல, ‘பம்ப்’ வகை. வீட்டுப் பேச்சில் இதையும் ‘ஆட்டோமேட்டிக்’ என்றுதான் சொல்கிறார்கள். இந்தப் பேச்சு எவ்வளவு பெரிய சட்ட வேறுபாட்டை மறைக்கிறது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

காலத்தை அறிய ஆட்டோ-5இல் சில நம்பகமான குறிகள் உண்டு. பாதுகாப்புத் தாழ் விசைக்காப்பின் முன்புறம் முன்னும் பின்னும் நகர்வதாக இருந்தால் அது 1950களின் தொடக்கத்துக்கு முந்தையது. விசைக்குப் பின்னால் குறுக்கே அமுக்கும் பொத்தானாக இருந்தால் பிந்தையது. குழலில் ஆக்டன், யூட்டா என்றோ செயின்ட் லூயிஸ், மிசௌரி என்றோ பொறித்திருந்தால் அத்துப்பாக்கி பெல்ஜியத்தில் பிறந்திருந்தாலும் அமெரிக்கச் சந்தைக்காகச் செய்யப்பட்டது. எர்ஸ்தால் பெயர் மட்டும் இருந்தால் ஐரோப்பிய விற்பனைக்கு உரியதாக இருக்க வாய்ப்பு அதிகம். குழல் வாயின் குறுக்கம் நட்சத்திரக் குறிகளால் காட்டப்படும்: ஒரு நட்சத்திரம் முழுக் குறுக்கம், இரண்டு என்றால் நடுத்தரம், மூன்று என்றால் குறுக்கமே இல்லை. கடைசி வகையைப் பழுதென்று நினைத்து விலையைக் குறைத்துவிட வேண்டியதில்லை. சம்பா வயலில் வளைந்து வளைந்து பறக்கும் உள்ளானுக்கு ரவை அகலமாக விரிவதுதான் உகந்தது.

இனி நிலை. முன்கைப்பிடி மரத்தில் நீளவாட்டு வெடிப்பு இருந்தால் காரணத்தை அதன் உள்ளே தேட வேண்டும். தோட்டாக் குழாயின்மேல் உராய்வு வளையம் ஒன்று உண்டு. இலேசான தோட்டாவுக்கு ஒரு விதமாகவும் வலுத்த தோட்டாவுக்கு வேறு விதமாகவும் அதை வைக்க வேண்டும். மாற்றி வைத்தாலோ, வளையம் தேய்ந்து போனாலோ, குழல் முழு வேகத்தில் பின்னால் மோதும், மரம் பிளக்கும். குழலுள் கடற்கரையின் உப்புக் காற்று மட்டும் எதிரியல்ல. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பல தோட்டாக்களின் பற்றவைப்புக் கலவையில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது எரிந்து விட்டுச்செல்லும் உப்பு ஈரத்தை இழுக்கும். துடைக்காமல் வைத்த குழலில் அம்மைத் தழும்புபோலக் குழிகள் விழும். மேலே புதிதாகக் கருநீல மெருகு ஏற்றிப் பளபளவென்று வரும் துப்பாக்கியை நான் எப்போதும் ஐயத்தோடுதான் பார்ப்பேன்: பொறித்த எழுத்தின் ஓரங்கள் மழுங்கியிருந்தால் அடியில் துரு தேய்க்கப்பட்டிருக்கிறது என்று பொருள். சேகரிப்பாளர் கணக்கில் பழைய மங்கல் மெருகு இதைவிட மேலானது.

4. முத்திரைகள் காட்டும் பாதை

ஐரோப்பாவில் துப்பாக்கிக் குழல் சந்தைக்கு வருமுன் அரசு ஏற்ற சோதனைச் சாலையில் மிகை அழுத்தத் தோட்டா போட்டுச் சுடப்பட்டு, தாங்கினால் முத்திரை பெறும். நிறுவனத்தின் பெயர் விளம்பரம். சோதனை முத்திரை சாட்சியம். காரைக்கால் துப்பாக்கியை மதிப்பிடுபவருக்கு இதைவிடப் பயனுள்ள ஆவணம் வேறில்லை.

லியேழ் முத்திரையில் நீள்வட்டத்துக்குள் ஈ, எல், ஜி என்ற மூன்று எழுத்துகள் இருக்கும். 1893 முதல் அதன்மேல் மணிமுடியும் சேர்ந்தது. புகையற்ற வெடிமருந்துச் சோதனைக்குச் சிங்கமும் அதன் அடியில் பி, வி என்ற எழுத்துகளும். 1922இலிருந்து சோதனை ஆண்டைக் குறிக்கும் தனியெழுத்தும் உண்டு. குடும்பக் கதையைச் சோதிக்கக் கிடைக்கும் மிகக் கூர்மையான கருவி இது. சேன்த் எத்தியேன் சோதனைச் சாலையின் முத்திரையில் நகரின் பெயரே இருக்கும். பி, டி என்ற எழுத்துகள் ‘டி’ வகை வெடிமருந்தால் சோதிக்கப்பட்டதைக் குறிக்கும். பிரிட்டனில் விற்கப்பட்ட அயல்நாட்டுத் துப்பாக்கியானால் லண்டன் அல்லது பர்மிங்ஹாம் முத்திரையோடு, 1925க்கும் 1955க்கும் இடையில், ‘நாட் இங்கிலிஷ் மேக்’ என்ற வாசகமும் பொறிக்கப்பட்டிருக்கும். ஒரு நாட்டின் வணிகப் பெருமிதம் இன்னொரு நாட்டின் பொருள்மீது குத்திய பச்சை அது. ஆனால் அதனால்தான் நமக்குப் பாதை தெரிகிறது.

அறையின் நீளமும் இவற்றோடு பொறிக்கப்பட்டிருக்கும். ஐரோப்பாவின் பழைய 12 போர், 16 போர் துப்பாக்கிகள் பலவற்றில் அது 65 மி.மீ. இன்றைய தோட்டாக்களில் 70 மி.மீ. பரவலானது. அந்த அளவு வெடித்து விரிந்த பிறகான நீளம் என்பதால், மடிந்த வாயோடு அது 65 மி.மீ. அறைக்குள் எளிதாகப் போய்விடும். சுடும்போது விரிய இடமின்றி அழுத்தம் ஏறும். ‘தோட்டா பொருந்துகிறதே’ என்பது சான்றாகாது. அறை அளவு தெரியாத துப்பாக்கியை, உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவர் அளந்து சொல்லும்வரை, இயங்கும் துப்பாக்கி என்று மதிப்பிடக் கூடாது.

5. எந்த வழியாக வந்தது?

1739இல் பிரெஞ்சுக் கும்பினியின் கைக்கு வந்த காரைக்கால், நிலப்பக்கமெல்லாம் தஞ்சைச் சீமையால் சூழப்பட்டது. எல்லைக்கு அப்பால் 1878ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் ஆயுதச் சட்டம். இப்பால் பிரெஞ்சு நிர்வாகம். இந்த எல்லையின் அரசியல் பொருள் தமிழக வரலாற்றில் நன்கு அறியப்பட்டது. பிரவுனிங் என்ற பெயரும் அக்கால அரசியல் கொலைகளோடு ஒட்டிக்கொண்டது: சாவர்க்கர் லண்டனிலிருந்து அனுப்பிய 20 பிரவுனிங் கைத்துப்பாக்கிகளில் ஒன்று 1909 டிசம்பர் 21 அன்று நாசிக்கில் ஆட்சியர் ஜாக்சனைக் கொன்றது. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் ஆட்சியர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் புதுச்சேரியில் பயிற்சி பெற்றவர், அவர் கையிலிருந்ததும் பிரவுனிங் வகைதான். ஆகவே பிரெஞ்சுப் பகுதிப் பிரவுனிங் என்றாலே கடத்தல் வாடை அடிப்பதாக எழுதுவது நம்மிடம் ஒரு வழக்கமாகிவிட்டது. கைத்துப்பாக்கியின் வரலாற்றை நீளத் துப்பாக்கியின்மேல் ஏற்றுவதை நான் ஏற்கவில்லை. ஒரு மீட்டருக்கு மேல் நீளும் வேட்டைத் துப்பாக்கி மறைத்துக் கொண்டுவருவதற்கு உரிய பொருளன்று. பெருமையோடு தோளில் மாட்டி வருவதற்கானது.

வழிகள் மூன்று இருந்திருக்கலாம். ஒன்று, பிரான்ஸிலிருந்து அஞ்சல்வழி. எத்தியேன் மிமாரும் பியேர் பிளாஷோனும் 1885இல் உருவாக்கிய மானுஃப்ரான்ஸ், பெருந்தடிமன் விலைப்பட்டியல் மூலம் மிதிவண்டி, தையல் இயந்திரம், துப்பாக்கி அனைத்தையும் அஞ்சலில் விற்ற நிறுவனம். இரண்டு, படையினர். பிரெஞ்சுப் படையில் சேர்ந்து இந்தோசீனாவிலும் பிறகு அல்ஜீரியாவிலும் பணியாற்றித் திரும்பிய ‘சொல்தா’க்கள் புதுவையிலும் காரைக்காலிலும் உண்டு, அவர்கள் விடுப்பில் வரும்போது கொண்டுவந்த பொருள்கள் வீடுகளில் இன்றும் இருக்கின்றன. மூன்று, எல்லைக்கு அப்பாலிருந்து தரைவழி. 1898இல் திறந்த பேரளம்–காரைக்கால் ரயில்பாதைக்குப் பிறகு சென்னைக் கடைகள் தொலைவில் இல்லை. கடிகாரத்துக்குப் பெயர்போன பி. ஆர் அண்ட் சன்ஸ் அக்காலத்தில் துப்பாக்கியும் விற்றது. அதன் பெயர் பொறித்த துப்பாக்கிகள் இன்றும் ஏலத்துக்கு வருகின்றன.

இப்போது ஒரு கற்பனைத் துப்பாக்கியை எடுத்துக்கொள்வோம். ‘1920களில் பிரெஞ்சு அதிகாரி பரிசளித்தது’ என்பது குடும்பக் கதை. துப்பாக்கியிலோ லியேழ் முத்திரை, அதன்மேல் பர்மிங்ஹாம் முத்திரை, ‘நாட் இங்கிலிஷ் மேக்’. பாதுகாப்புத் தாழ் முன்புறம். ஆண்டெழுத்து 1930களைக் காட்டுகிறது. இத்துப்பாக்கி பிரிட்டன் வழியாகவே கீழ்த்திசைக்கு வந்தது; பெரும்பாலும் பிரிட்டிஷ் இந்தியக் கடையொன்றிலிருந்து. பிரெஞ்சு அதிகாரி அதைச் சென்னையில் வாங்கிப் பிறகு பரிசளித்திருக்கலாம் என்று கதையைக் காப்பாற்ற முடியும். ஆனால் 1920கள் என்ற பகுதி போயேபோயிற்று. கதையால் விலைக்குச் சேர்த்த தொகையும் அதோடு போக வேண்டும். மாறாக, லியேழ் முத்திரை மட்டுமே இருந்தால் பிரெஞ்சு வழி என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. அம்முத்திரையைப் பல நாடுகள் ஏற்றுக்கொண்டிருந்ததால், மறுமுத்திரை இல்லாதது எதையும் உறுதிப்படுத்தாது.

தாளில் சான்று தேடுபவர்களுக்குக் காரைக்காலில் ஒரு வாய்ப்பு அதிகம். 1881 ஆணைப்படி தங்கள் தனிச்சட்டத்தைத் துறந்த குடும்பங்களின் வாரிசுரிமை பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின்படி நடந்தது. அம்முறையில் இறந்தவரின் உடைமைகளை நோத்தேர் எனப்படும் ஆவண அலுவலர் பட்டியலிடும்போது அசையும் பொருள்களுக்கும் மதிப்பு எழுதப்படும். அத்தகைய பட்டியலில் ‘வேட்டைத் துப்பாக்கி ஒன்று’ என்ற வரி கிடைத்தால், எந்த வாய்மொழிக் கதையையும்விட அது கனமானது. தேர்தல்தோறும் துப்பாக்கியை ஒப்படைத்து வாங்கிய ரசீதுகளும் அப்படியே. யாரும் அவற்றைப் பாதுகாப்பதில்லை என்பதுதான் வருத்தம்.

6. சட்டத்தின் தராசு

காரைக்காலின் ஆட்சி 1954 நவம்பர் 1 அன்று நடைமுறையில் இந்தியாவிடம் வந்தது; சட்டப்படி 1962 ஆகஸ்ட் 16 அன்று. 1959ஆம் ஆண்டு இந்திய ஆயுதச் சட்டம் நடைமுறைக்கு வந்ததோ 1962 அக்டோபர் 1. ஆறேழு வார இடைவெளி. பிரெஞ்சுக் காலத் துப்பாக்கிகள் இப்படி அடுத்தடுத்துப் புதிய நாட்டின் குடிமைக்கும் புதிய சட்டத்தின் வகைப்பாட்டுக்கும் உள்ளாயின.

அந்த வகைப்பாடுதான் விலையின் மையம். ஆயுத விதிகளின் முதல் அட்டவணையில், அரைத் தானியங்கிச் சுடுபடைகள் முதல் வகையின் ‘பி’ உட்பிரிவில் வருகின்றன; அவற்றுக்கு உரிமம் தரும் அதிகாரம் மத்திய அரசிடம். 1962 விதிகளில் இருந்த இந்த ஏற்பாடு 2016 விதிகளிலும் தொடர்கிறது. சாதாரண இரட்டைக்குழலும் பம்ப் வகையும் மூன்றாம் வகை. மாவட்ட அளவிலேயே உரிமம் கிடைக்கும். எனவே எளிய இரட்டைக்குழலுக்கு வாங்குவோர் இருக்க, அதைவிட நுட்பமான பிரவுனிங்குக்கு வாங்குவோர் அரிதாகிவிடுகிறார்கள். மேலைநாட்டு விலைக் கையேட்டின் ஏற்ற இறக்கம் இங்கே தலைகீழாகிறது.

பெயர் எழுதுவதில் ஏற்படும் பிழை இதைவிடக் கடுமையானது. விசையை அழுத்திப் பிடித்திருக்கும்வரை தொடர்ந்து சுடும் துப்பாக்கியைச் சட்டம் ‘தடைசெய்யப்பட்ட ஆயுதம்’ என வரையறுக்கிறது. உரிமமின்றி அதை வைத்திருந்தால் 2019 திருத்தத்தின்படி குறைந்தது ஏழு ஆண்டு, அதிகபட்சம் 14 ஆண்டு சிறை. ஆட்டோ-5 அவ்வகை அல்லவே அல்ல. ஆனால் பழைய உரிமத்தில் ‘ஆட்டோமேட்டிக்’ என்றோ, எதிர்த்திசையில், பொறுப்பின்றி ‘எஸ்.பி.பி.எல்.’ அதாவது ஒற்றைக்குழல் பின்புறத் தோட்டாத் துப்பாக்கி என்றோ எழுதியிருந்தால், வாரிசு மாற்றத்தின்போது அது எழும்பும். குழல் ஒன்றுதான் என்பதால் இரண்டாவது சொல் பொய்யில்லை. வகையை மட்டும் மறைத்துவிடுகிறது. மூன்றாம் பகுதியில் சொன்ன உறுப்புச் சான்றுகளை உரிமம் பெற்ற கடைக்காரர் ஒருவரிடம் எழுத்தில் வாங்கி, பதிவைத் திருத்தக் கோருவது மதிப்பீட்டின் ஒரு பகுதியாகவே கருதப்பட வேண்டும்.

வாரிசுக்கு வழி உண்டு. உரிமதாரர் இறந்த பின்போ, 70 வயதை எட்டியபோதோ, 25 ஆண்டு வைத்திருந்த பின்போ சட்டபூர்வ வாரிசின் பெயருக்கு மாற்றக் கோரலாம். ஆனால் 2019 திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய சுடுபடைகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. வாரிசுரிமையிலும் அந்த வரம்பைத் தாண்ட முடியாது. வாரிசுகளில் பாதிப் பேர் பிரான்ஸில் இருக்கும் காரைக்கால் குடும்பங்களில் இது கூடுதல் சிக்கல். விற்பதானால் 45 நாளுக்கு முன் எழுத்துமூலம் அறிவிக்க வேண்டும். உரிமம் செல்லாதபோது துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைக்க வேண்டும். குறித்த காலத்துக்குள் தீர்வு காணாவிட்டால் அது அரசுடைமை. அப்போது அதன் விலை சுழியம், முத்திரையில் எந்தச் சிங்கம் இருந்தாலும்.

7. விலை என்று எதைச் சொல்வது

வேட்டை இல்லை. கோடியக்கரை 1967இல் சரணாலயமானது. 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டமும் அதன் திருத்தங்களும் உள்ளானையும் சிரவியையும் துப்பாக்கியின் எல்லைக்கு வெளியே நிறுத்திவிட்டன. நல்ல வேளை. ஆக, பயன்பாட்டு விலை என்பது தற்காப்பிலும் குறிபார்த்துச் சுடும் விளையாட்டிலும் சுருங்கிவிட்டது. இந்தியாவில் தனியார் துப்பாக்கி இறக்குமதி 1980களின் நடுவில் ஏறத்தாழ அடைபட்டதால் பழைய அயல்நாட்டுத் துப்பாக்கிக்குச் செயற்கையான கிராக்கி உண்டானது உண்மை. அக்கிராக்கி எளிதில் கைமாறும் வகைகளையே உயர்த்தியது.

ஆகவே ஒற்றைத் தொகை சொல்லும் மதிப்பீட்டை நான் நம்புவதில்லை. நேர்மையான மதிப்பீடு இரண்டு தொகைகளைச் சொல்ல வேண்டும்: இதே வகை உரிமமுள்ள ஒருவர் இன்று தரக்கூடியது ஒன்று, அத்தகையவர் கிடைக்காதபோது குடும்பத்துக்குள் பாகம் பிரிக்க ஒப்புக்கொள்ளக்கூடியது இன்னொன்று. முதலாவதில் உலோகத்தின் நிலை, உறுப்புகளின் வரிசை எண்கள் ஒத்திருத்தல், அறை நீளம், போர் அளவு எல்லாம் கணக்கில் வரும். 12 போருக்குத் தோட்டா எளிதில் கிடைப்பதால் 16 போருக்கு முன் அது நிற்கும். இரண்டாவதில் இவை எதற்கும் பெரிய எடையில்லை. உரிமப் பதிவு சரியாக இருக்கிறதா, மாற்றத் தகுதியுள்ள வாரிசு எத்தனை பேர் என்பவையே தொகையை நிர்ணயிக்கும். பாகம் பேசுபவர்கள் முதல் தொகையைக் கேட்டுவிட்டு இரண்டாவதன்படி பிரிக்க முயல்வதால்தான் சண்டை வருகிறது.

அண்மையில் இன்னொரு கேள்வியும் முளைத்திருக்கிறது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம் நூறாண்டுக்குக் குறையாத வரலாற்று மதிப்புள்ள பொருள்களைத் தொல்பொருளாகக் கருதுகிறது. தனியார் அவற்றை ஏற்றுமதி செய்ய முடியாது. முதல் உலகப் போருக்கு முந்தைய எஃப்.என். துப்பாக்கிகள் அந்த வயதைத் தாண்டிவிட்டன. பிரான்ஸிலுள்ள வாரிசு எடுத்துப்போகக் கேட்டால் ஆயுதச் சட்டத்தோடு இதையும் பார்க்க வேண்டும். ஆனால் நூறு வயது ஆனதாலேயே உரிமம் வேண்டாம் என்று சில தரகர்கள் சொல்வது தவறு. ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு விலக்கு அளிப்பது, பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுடுபடையாகப் பயன்படுத்த இயலாதவற்றுக்கே. 1903ஆம் ஆண்டுத் துப்பாக்கியானாலும், வளையத்தைச் சரியாக வைத்து அளவான தோட்டா போட்டால் சுடுமென்றால், அது உரிமம் வேண்டும் துப்பாக்கிதான்.